விண்டோஸ் சர்வர் பேக்கப் போதுமா? ரீஸ்டோர் பண்ற பக்கத்துல நின்னு பாத்தா

சர்வரோட கூடவே வர்ற பேக்கப் டூல் போதுமா, இல்ல காசு குடுத்து தனியா ஒண்ணு வாங்கணுமா, இந்தக் கேள்விய சின்ன ஆபீஸ் வச்சிருக்கறவங்க என்கிட்ட அடிக்கடி கேக்கறாங்க. பெரும்பாலும் ஒரே ஒரு விண்டோஸ் சர்வர்தான் இருக்கும், அதுல அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேர், ஷேர்டு ஃபோல்டர், இருபது முப்பது பேரோட லாகின் எல்லாமே அந்த ஒரே பெட்டிக்குள்ள. கேக்கறவங்க கையில ஒரு ஃபீச்சர் லிஸ்டும் வச்சிருப்பாங்க, இதுல கம்ப்ரஷன் இருக்கா, கிளவுட் இருக்கா, மெயில் அலர்ட் வருமான்னு டிக் போட்டு. நான் முதல்ல அந்த லிஸ்ட்ட ஓரமா வைக்கச் சொல்லிட்டு வேற கேள்வி கேப்பேன்: நாளைக்குக் காலைல சர்வர் எழுந்திருக்கலன்னா எத்தன மணி நேரத்துல வேலை ஓடணும், போன வாரம் புதன்கிழமை இருந்த மாதிரி ஒரு ஃபைல் வேணும்னா எங்கேந்து எடுப்பீங்க? இதுக்குப் பதில் கிடைச்சாதான் எந்த டூலையும் எடை போட முடியும். பேக்கப் எடுக்கறது தினமும் நடக்கற வேலை, அதத் திரும்ப எடுக்கற ரீஸ்டோர் வருஷத்துக்கு ஒரு தடவ வர்றது, ஆனா டூலுக்கு மார்க் போட வேண்டியது அந்த ஒரு நாள வச்சுத்தான்.

இந்த டூல் எப்படி இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா அதோட குணம் பாதி புரிஞ்சிடும். விண்டோஸ் சர்வர் 2003 வரைக்கும் என்டி பேக்கப்னு ஒண்ணு இருந்துச்சு, வேணுங்கற ஃபோல்டர மட்டும் டிக் பண்ணி ஒரே பிகேஎஃப் ஃபைலா எடுக்கலாம், டேப்புக்கும் எழுதலாம். 2008 சர்வர்ல அத மொத்தமா தூக்கிட்டு விண்டோஸ் சர்வர் பேக்கப்ப கொண்டு வந்தாங்க. டேப் சப்போர்ட் போச்சு, தனி ஃபோல்டர் எடுக்கற வசதியும் போச்சு, எடுத்தா முழு டிரைவா எடு இல்லன்னா விடுன்னு ஆயிடுச்சு. வருஷக்கணக்கா டேப்புக்கு எழுதிட்டிருந்த அட்மின்களுக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, பழைய பிகேஎஃப் ஃபைல படிக்கறதுக்கே மைக்ரோசாஃப்ட் தனியா ஒரு டூல் குடுக்க வேண்டியிருந்துச்சு. 2008 ஆர்2-ல ஃபோல்டர் செலக்ட் பண்ற வசதியும், ஷெட்யூல் போட்டு நெட்வொர்க் ஷேருக்கு எடுக்கறதும் வந்துச்சு. 2012-ல பேக்கப்ப எழுதி வைக்கற ஃபைல், அதாவது ஒரு முழு டிரைவையே உள்ள வச்சிருக்கற டிஸ்க் ஃபைல், விஎச்டிலேந்து விஎச்டிஎக்ஸ்க்கு மாறுச்சு, அதனால 2 டிபி-க்கு மேல இருக்கற டிரைவையும் எடுக்க முடிஞ்சது. அதுக்கப்புறம் 2016, 2019, 2022, 2025னு எல்லாத்துலயும் இது இருக்கு, ஆனா வெளித்தோற்றம் பெருசா மாறல. இன்னொண்ணு, இது தானா இன்ஸ்டால் ஆகி வராது, சர்வர் மேனேஜர்ல போய் ஃபீச்சரா சேத்துக்கணும், அது தெரியாம மெனுவுல ஐகானப் பாத்துட்டு பேக்கப் ஓடிட்டுதான் இருக்குன்னு நெனச்சவங்களையும் பாத்திருக்கேன்.

இப்ப இது உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் பொறுமையா பாக்கலாம், ஏன்னா இதோட நல்லது கெட்டது ரெண்டுமே அங்கதான் இருக்கு. பேக்கப் ஆரம்பிச்ச உடனே டிஸ்க்க அந்த நொடில இருக்கற மாதிரியே உறைய வச்சுக் காட்டற விஎஸ்எஸ்ங்கற ஷேடோ காப்பி சர்வீஸ கூப்பிடும். அது ஆக்டிவ் டைரக்டரி (லாகின் கணக்கெல்லாம் இருக்கற இடம்), எஸ்க்யூஎல் சர்வர் (டேட்டாபேஸ்), ஹைப்பர்-வி (ஒரே பெட்டிக்குள்ள பல சர்வர ஓட்டறது) மாதிரி, விஎஸ்எஸ் சொல்றதக் கேக்கற விஎஸ்எஸ் ரைட்டர்ங்கற பகுதி வச்சிருக்கற சாஃப்ட்வேர் எல்லாத்துக்கும் "கையில இருக்கறத டிஸ்க்ல எழுதிட்டு ஒரு நிமிஷம் நில்லு"ன்னு சொல்லும், ஒரு நிமிஷம்னு பேச்சுக்குச் சொல்லல, அப்ளிகேஷன நிறுத்தி வைக்கறதுக்கு 60 செகண்டுதான் லிமிட், டிஸ்க்ல எழுதறத அப்படியே பிடிச்சு வைக்கறது 10 செகண்டுக்கு மேல போகக்கூடாது. அந்த இடைவெளில ஸ்னாப்ஷாட் விழுந்துடும், அப்புறம் எல்லாரும் அவங்கவங்க வேலைய பாக்கலாம், பேக்கப் அந்த உறைஞ்ச காட்சியிலேந்து நிதானமா பிளாக் பிளாக்கா, அதாவது துண்டு துண்டா படிக்கும். ரைட்டர் இல்லாத அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேரா இருந்தா இந்த "கொஞ்சம் நில்லு" அதுக்குக் கேக்காது, கரன்ட் திடீர்னு போனா டிஸ்க்ல என்ன இருக்குமோ அந்த நிலைலதான் அதோட ஃபைல் பேக்கப்ல இருக்கும். அதனால அந்த மாதிரி சாஃப்ட்வேருக்கு அதுக்குள்ளயே இருக்கற பேக்கப்பையும் தனியா எடுத்து வைங்கன்னு நான் எப்பவும் சொல்றது.

எழுதற பக்கம் இன்னும் சுவாரசியம். பேக்கப் டிஸ்க்ல ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு விஎச்டிஎக்ஸ் ஃபைல்தான் இருக்கும், நாளுக்கு ஒண்ணுன்னு அடுக்கிட்டே போகாது. ஒவ்வொரு பேக்கப்போடயும் பேக்கப் டிஸ்க்கையே ஒரு ஷேடோ காப்பி எடுத்துக்கும், அடுத்த தடவ அந்த விஎச்டிஎக்ஸ்க்குள்ள மாறின பிளாக்க மட்டும் மேல மேல எழுதும். நேத்தைய நிலை, முந்தாநாள் நிலை எல்லாம் அந்த ஷேடோ காப்பிகளுக்குள்ள வித்தியாசமா மட்டும் உக்காந்திருக்கும். அதனாலதான் 400 ஜிபி சர்வர 1 டிபி டிஸ்க்ல எடுத்தா கூட, தினமும் மாறறது சில ஜிபிதான்னா, மாசக்கணக்குல வெர்ஷன் நிக்குது. இடம் தீந்தா பழசுல ஆரம்பிச்சு அதுவே அழிச்சுக்கும், நாம பாத்துப் பாத்து டிலீட் பண்ண வேண்டியதில்ல. எந்த நாள எடுத்தாலும் அது முழு பேக்கப் மாதிரியே திறக்கும், சங்கிலி மாதிரி பத்து இன்கிரிமென்டல (மாறினத மட்டும் வச்சிருக்கற பேக்கப்ப) வரிசையா கோக்க வேண்டிய தலைவலி கிடையாது. காசு குடுத்து வாங்கற சில டூல்ல கூட இவ்வளவு நேர்த்தி நான் பாத்ததில்ல.

ஆனா இதே அமைப்புல ஒரு குழியும் இருக்கு. பாதுகாப்புக்குன்னு, பேக்கப் இருக்கற விண்டோஸ்இமேஜ்பேக்கப் ஃபோல்டர இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி பண்ணி வச்சீங்கன்னா கடைசி நாள் மட்டும்தான் கூட வரும், பழைய வெர்ஷன் எல்லாம் அந்தப் பழைய டிஸ்க்கோட ஷேடோ காப்பிலயே தங்கிடும். முப்பது நாள் கையில இருக்குன்னு நெனச்சிட்டிருப்போம், இருக்கறது ஒரு நாள்.

ரீஸ்டோர கிட்டத்துலேந்து ஒரு தடவ காட்றேன். ஒரு ஆபீஸ்ல மார்ச் கடைசி வாரம், சர்வரோட மதர்போர்டு போச்சு, மாத்து வர ரெண்டு நாள் ஆகும்னுட்டாங்க. அங்க அக்கவுன்ட்ஸ் பாக்கற அக்கா கண்ணுல தண்ணி, "தம்பி, ரிட்டர்ன் ஃபைல் பண்ணணும், அந்த ஒரு ஃபோல்டர் மட்டும் கிடைச்சா போதும்பா"ன்னாங்க. பேக்கப் டிஸ்க்க கழட்டி என்னோட சாதாரண விண்டோஸ் லேப்டாப்ல சொருகினேன். எக்ஸ்ப்ளோரர்ல ஒண்ணும் தெரியல, அது சரிதான், பேக்கப்புக்குன்னே ஒதுக்கின டிஸ்க்குக்கு டிரைவ் லெட்டர் இருக்காது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் ஒரு லெட்டர் குடுத்தேன், விண்டோஸ்இமேஜ்பேக்கப், அதுக்குள்ள சர்வரோட பேரு, அதுக்குள்ள தேதியும் நேரமும் போட்ட ஒரு பேக்கப் ஃபோல்டர், அதுக்குள்ள நீளமா நம்பரும் எழுத்தும் கலந்த பேருல மூணு விஎச்டிஎக்ஸ். பெருசா இருந்தத அட்டாச் விஎச்டி குடுத்து, ரீட் ஒன்லின்னு டிக் பண்ணி திறந்தேன். சர்வரோட டி டிரைவ் அப்படியே லேப்டாப்ல இன்னொரு டிரைவா வந்து நின்னுச்சு, பர்மிஷன் கேட்டதுக்கு கன்டினியூ குடுத்துட்டு ஃபோல்டர இழுத்து காப்பி பண்ணினேன், பத்து நிமிஷத்துக்குள்ள அக்கா அக்கவுன்ட்ஸ் சாஃப்ட்வேர்ல கம்பெனி கணக்க ஓப்பன் பண்ணிட்டாங்க. அந்த டிஸ்க்க திறக்க லைசென்ஸ் வேண்டியதில்ல, தனி சாஃப்ட்வேர் வேண்டியதில்ல, செத்துப் போன சர்வரும் வேண்டியதில்ல. பேக்கப் ஃபார்மட் பொதுவா இருக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னிக்கு முழுசா புரிஞ்சுது.

இதே டூல வேற மாதிரி செட் பண்ணி வச்சு அடி வாங்கினதையும் சொல்லணும். இன்னொரு இடத்துல, டிஸ்க் எதுக்கு சொருகணும், அதான் நாஸ் (நெட்வொர்க்ல மாட்டியிருக்கற டிஸ்க் பெட்டி) இருக்கேன்னு நெட்வொர்க் ஷேருக்கு ஷெட்யூல் போட்டிருந்தாங்க, தினமும் ராத்திரி 9 மணிக்கு. வெள்ளிக்கிழமை ஒரு டேட்டா ஃபைல் கெட்டுப் போயிருக்கு, யாரும் கவனிக்கல. திங்கட்கிழமை காலைல கவனிச்சு, சரி வியாழக்கிழமை பேக்கப்லேந்து எடுக்கலாம்னு போனா வியாழக்கிழமையே இல்ல. நெட்வொர்க் ஷேருக்கு எடுத்தா இந்த டூல் ஒரே ஒரு காப்பிதான் வைக்கும், ஒவ்வொரு தடவையும் பழச அழிச்சு புதுசு எழுதும், ஏன்னா மேல சொன்ன ஷேடோ காப்பி வித்தையெல்லாம் தன் கையில இருக்கற டிஸ்க்லதான் அதால பண்ண முடியும், அடுத்தவன் டிஸ்க்ல முடியாது. ஞாயித்துக்கிழமை ராத்திரி எடுத்த பேக்கப் ரொம்ப சரியா, கெட்டுப் போன ஃபைலோட, பத்திரமா இருந்துச்சு. இதவிட மோசம், எழுதிட்டிருக்கும்போதே பேக்கப் ஃபெயிலாச்சுன்னா பழசும் போய் புதுசும் உபயோகப்படாம ரெண்டும் கெட்டான் ஆகலாம்னு மைக்ரோசாஃப்டே டாக்குமென்ட்ல சொல்லுது. ஷெட்யூல் போடற விசர்ட்லயும் ஒரே ஒரு காப்பிதான் நிக்கும்னு எச்சரிக்கை வரும், அத ஓகே குடுத்து தாண்டிப் போயிடறாங்க. நாஸ்தான் வேணும்னா டூலோட ஷெட்யூல விட்டுட்டு, இந்த டூலோட டபிள்யூபிஅட்மின் கமாண்ட ஒரு ஸ்கிரிப்ட்ல போட்டு, கிழமைக்கு ஒரு சப்ஃபோல்டர்னு மாத்தி மாத்தி எழுத வைக்கலாம், ஏழு நாளும் முழு பேக்கப்பா நிக்கும், இடம் ஏழு மடங்கு போகும்.

அதனால என்னோட சிபாரிசு எப்பவும் பேக்கப்புக்குன்னே ஒதுக்கின டிஸ்க்தான், அதுவும் ரெண்டு. ஷெட்யூல்ல ரெண்டு டிஸ்க்கையும் சேத்துடலாம், எது சொருகியிருக்கோ அதுல எழுதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒண்ண கழட்டி வீட்டுக்கோ லாக்கருக்கோ எடுத்துட்டுப் போய்ட்டு அடுத்தத சொருகணும். இந்தக் கழட்டறதுதான் உயிர். டிரைவ் லெட்டர் இல்லாம ஒளிஞ்சிருக்கற டிஸ்க்க, ஃபைல பூட்டிப் பணம் கேக்கற ரான்சம்வேர் கண்டுபிடிக்காதுன்னு சிலர் சொல்றாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். 2017 மே மாசம் உலகம் முழுக்கப் பரவின வான்னாக்ரைங்கற ரான்சம்வேர் என்ன பண்ணுச்சுன்னா ஷேடோ காப்பி எல்லாத்தையும் அழிக்கற கமாண்டு, ரெகவரிய ஆஃப் பண்ற கமாண்டு, கடைசியா டபிள்யூபிஅட்மின வச்சே பேக்கப் கேட்டலாக்க (என்னென்ன பேக்கப் இருக்குங்கற பட்டியல) அழிக்கற கமாண்டு, இத்தனையும் ஒரே வரில ஓட்டுச்சு. அந்தக் கடைசி கமாண்ட் நேரா இந்த டூலக் குறி வச்சது. பழைய வெர்ஷன் எல்லாம் ஷேடோ காப்பிக்குள்ள இருக்குன்னு மேல சொன்னேன்ல, அத நெனச்சுப் பாருங்க. கேட்டலாக் போனா டிஸ்க்லேந்து மறுபடி கட்டிக்கலாம், ஷேடோ காப்பி போனா போனதுதான். சர்வர்ல அட்மின் ரைட்ஸ் கிடைச்சவனுக்கு சொருகியிருக்கற டிஸ்க் எதுவும் தூரமில்ல, லாக்கருக்குள்ள இருக்கற டிஸ்க்தான் தூரம்.

இந்த டூலோட உண்மையான குறைன்னு நான் நெனைக்கறது கம்ப்ரஷன் இல்லாததோ கிளவுட் இல்லாததோ கிடையாது, இது வாயே திறக்காதுங்கறதுதான். பேக்கப் ஃபெயிலானா மெயில் வராது, மெசேஜ் வராது, யாராவது போய் அந்த விண்டோவ திறந்து பாக்கணும். ஈவென்ட் வியூவர்ல பேக்கப்புக்குன்னு தனி லாக் இருக்கு, வெற்றின்னா ஈவென்ட் 4, தோல்வின்னா ஈவென்ட் 5. நிறைய பேர் டாஸ்க் ஷெட்யூலர்ல ஈவென்ட் 5 வந்தா மெயில் அனுப்புன்னு ஒரு டாஸ்க் போட்டுட்டு நிம்மதியா இருந்துடறாங்க, ஆனா தோல்வி 5-ல மட்டும் வராது, டிஸ்க் காணோம், இடம் இல்ல, விஎஸ்எஸ் டைம் அவுட்னு வேற வேற நம்பர்ல வரும், பேக்கப் ஆரம்பிக்கவே இல்லன்னா எந்த நம்பரும் வராது. அதனால திருப்பிப் போடணும்: 24 மணி நேரத்துல ஈவென்ட் 4 வரலன்னா கத்து. பவர்ஷெல்ல கெட்-டபிள்யூபிசம்மரி குடுத்தா கடைசியா வெற்றியா முடிஞ்ச நேரமும் எத்தன வெர்ஷன் இருக்குங்கறதும் வரும், அத தினமும் காலைல ஒரு ஸ்கிரிப்ட் படிச்சு, நல்லாயிருக்கோ இல்லையோ, மெயில் அனுப்பட்டும். மெயில் வராத நாள்தான் போய்ப் பாக்க வேண்டிய நாள். பேக்கப் அடிக்கடி தடுமாறுச்சுன்னா முதல்ல விஎஸ்எஸ் ரைட்டர் லிஸ்ட்ட எடுத்துப் பாருங்க, எல்லாமே ஸ்டேபிள், நோ எரர்னு இருக்கணும்.

மெயில் மேட்டர்ல இவ்வளவு அழுத்தறதுக்குக் காரணம், புரோகிராம் கோட வச்சுக்கற இணையதளமான கிட்லேப்போட கதை. 2017 ஜனவரி 31 அன்னிக்கு அவங்க என்ஜினியர் ஒருத்தர் தவறுதலா மெயின் டேட்டாபேஸ் சர்வர்ல டைரக்டரிய அழிச்சிட்டார், நிறுத்தறதுக்குள்ள சுமார் 300 ஜிபி 4.5 ஜிபி ஆயிடுச்சு. தினமும் எடுத்ததா நெனச்ச பேக்கப்ல ஒண்ணுமே இல்ல, டேட்டாபேஸ் 9.6, பேக்கப் எடுக்கற புரோகிராம் 9.2, வெர்ஷன் ஒத்து வராம ஒவ்வொரு தடவையும் ஃபெயிலாயிட்டிருந்துச்சு. ஃபெயிலான மெயிலும் போயிட்டுதான் இருந்துச்சு, ஆனா மெயில் சரிபார்ப்புல தட்டுப்பட்டு யாருக்கும் வந்து சேரல. கடைசில ஆறு மணி நேரம் முன்னாடி தற்செயலா கையால எடுத்து வச்சிருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. அது லினக்ஸ், வேற டூல், ஆனா மௌனமா ஃபெயிலாகறதுங்கற வியாதி ஒண்ணுதான். அவங்க அத எதையும் மறைக்காம வெளிய எழுதினதால நாம கத்துக்க முடிஞ்சது.

சர்வர் டொமைன் கன்ட்ரோலரா (எல்லாரோட லாகினையும் சரிபாக்கற சர்வரா) இருந்தா சிஸ்டம் ஸ்டேட்டையும் எடுக்கறது கட்டாயம், அதுலதான் ஆக்டிவ் டைரக்டரி டேட்டாபேஸ், ரெஜிஸ்ட்ரி, பூட் ஃபைல் எல்லாம் வரும், இந்த வேலைய இந்த டூல் ரொம்ப ஒழுங்கா செய்யும். ஒரு கெடு மட்டும் ஞாபகம் இருக்கட்டும், டூம்ப்ஸ்டோன் லைஃப்டைம் (அழிச்ச கணக்கோட அடையாளத்த ஆக்டிவ் டைரக்டரி வச்சிருக்கற காலம்) பொதுவா 180 நாள், அதுக்கு மேல பழசான சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் ஆக்டிவ் டைரக்டரிக்கு உதவாது. எஸ்க்யூஎல் சர்வர் இருந்தா இந்த டூல் டேட்டாபேஸ் ஃபைல எடுக்கும், ஆனா டிரான்சாக்ஷன் லாக்க (ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கற பதிவ) சுருக்காது, மத்தியானம் 3:20-க்கு எப்படி இருந்துச்சோ அப்படி கொண்டு வான்னா அதால முடியாது, அதுக்கு எஸ்க்யூஎல்லோட சொந்த லாக் பேக்கப்தான் வேணும்.

முழு சர்வரையும் வெறும் பெட்டில எழுப்பறதுதான் பேர் மெட்டல் ரெகவரி. விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ்ல பூட் பண்ணி ரிப்பேர்ல போனா இமேஜ் ரெகவரி இருக்கும். இங்க ஆளக் கவுக்கற விஷயம் ரெண்டு மூணு உண்டு. புது டிஸ்க் பழைய டிஸ்க்க விட சின்னதா இருக்கக்கூடாது, உள்ள 200 ஜிபிதான் இருந்தாலும் பழசு 2 டிபின்னா புதுசும் 2 டிபி வேணும். பழைய பயாஸ் முறைல பூட் ஆன சர்வர் இமேஜ, புது முறையான யூஇஎஃப்ஐ பெட்டில போட்டா ஏத்துக்காது. ரெய்டு கன்ட்ரோலர் (பல டிஸ்க்க ஒண்ணாச் சேக்கற கார்டு) டிரைவர் பென்டிரைவ்ல இல்லன்னா டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாது, ராத்திரி 11 மணிக்கு அந்த டிரைவரத் தேடற அவஸ்தை வேண்டாம், பேக்கப் டிஸ்க் கூடவே ஒரு பென்டிரைவ்ல போட்டு வச்சிடுங்க. நேரக் கணக்கும் போட்டுப் பாக்கணும். செகண்டுக்கு 100 எம்பி வேகம் கிடைச்சா 1 டிபிக்கு 10,000 செகண்ட், கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் மணி நேரம். அதே டிஸ்க்க பழைய யூஎஸ்பி 2 போர்ட்ல சொருகி 30 எம்பிதான் கிடைச்சுதுன்னா ஒன்பது மணி நேரத்துக்கு மேல. ஒரு வேலை நாளே போற வித்தியாசம் அந்த ஒரு போர்ட்ல இருக்கு.

சரி, எப்ப வேற டூல் வாங்கணும்? சர்வர் மூணு நாலு ஆயிடுச்சுன்னா வாங்கிடுங்க, ஏன்னா இதுல ஒரு சர்வருக்கு ஒரு ஷெட்யூல்தான், ஒரே திரைல எல்லாத்தையும் பாக்கற வசதியும் வராது. டேப்புக்கு எழுதணும், பேக்கப் ஃபைலையே பாஸ்வேர்டு போட்டு பூட்டணும்னாலும் இது ஆகாது, ஒரு விஷயம் கவனிங்க, சர்வர்ல பிட்லாக்கர் (டிஸ்க்கையே பூட்டற விண்டோஸ் வசதி) போட்டிருந்தாலும் பேக்கப் பூட்டில்லாமதான் எழுதப்படும், டிஸ்க் தொலைஞ்சா டேட்டா தொலைஞ்ச மாதிரி, அதனால வெளிய எடுத்துட்டுப் போற டிஸ்க்குக்கு இது பெரிய குறைதான். ஒத்த சர்வர்தான், ஆனா அலர்ட்டும் பூட்டும் வேணும்னா வீம் ஏஜென்ட்ங்கற பேக்கப் டூலோட இலவச எடிஷனையும் பாக்கலாம். இது எதுவும் இல்லாத ஒத்தை சர்வர் ஆபீஸுக்கு, ரெண்டு டிஸ்க்கும் காலை மெயிலும் இருந்தா, தாராளமா போதும்னு நான் சொல்வேன்.

மார்ச்சுல மதர்போர்டு போன ஆபீஸ்ல இப்ப மூணு மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒதுக்கி வச்சிருக்கோம். ஒரு பழைய பிசில ஹைப்பர்-வி போட்டு, ஜெனரேஷன் 2 விஎம் (பெட்டிக்குள்ள ஓடற ஒரு விர்ச்சுவல் பெட்டி) ஒண்ணு உண்டாக்கி, சர்வரோட அதே அளவுக்கு, எழுத எழுத வளர்ற விர்ச்சுவல் டிஸ்க் குடுத்து, நெட்வொர்க் கேபிள மட்டும் கழட்டி வச்சுட்டு, கையில இருக்கற பேக்கப்லேந்து முழு சர்வரையும் எழுப்பறோம். முதல் தடவ பூட் ஆகி லாகின் திரை வர்றதுக்கு அஞ்சு மணி நேரம் ஆச்சு, எந்தப் பாஸ்வேர்டுன்னே யாருக்கும் ஞாபகம் இல்லாம அதுல அரை மணி நேரம் போச்சு. போன தடவ மூணு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுது. கடைசில அந்த அக்கா வந்து உக்காந்து, நேத்து அடிச்ச கடைசி பில் நம்பர் இருக்கான்னு பாத்துட்டு, சுவத்துல ஒட்டியிருக்கற பேப்பர்ல தேதி போட்டு கையெழுத்து போடுவாங்க.